வெளிக்கிடு, பரப்பு, எடுத்துரை: ‘செட் அவுட்’ என்ற ஆங்கில வினையின் வரலாறு

‘செட் அவுட்’ இரண்டு சொல்லாலான ஓர் ஆங்கில வினை. ‘செட்’ என்றால் வை, இருத்து. ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டையும் கூட்டி ‘வெளியே வை’ என்று பொருள் கொண்டால், அந்த வினையின் ஆட்சியில் ஒரு மூலை மட்டுமே கிடைக்கும். பயணம் தொடங்குவது, ஒரு நோக்கத்தோடு ஒரு காரியத்தில் இறங்குவது, பொருள்களை ஒழுங்காகப் பரப்பி வைப்பது, ஒரு விடயத்தை எழுத்தில் வரிசையாக எடுத்துரைப்பது என நான்கு பொருள்கள் இன்று பெருவழக்கில் உள்ளன. தொழில் சார்ந்த இரண்டு பொருள்கள் இவற்றுக்கு அப்பால் உண்டு. பொறியியலாளர் ஒரு கட்டுமானத்தின் கோட்டை நிலத்தில் குறிப்பதும், தோட்டக்காரர் நாற்றுமேடைக் கன்றுகளைப் பிடுங்கித் தரையில் நடுவதும் அதே வினைதான். ஆறு செயல்களும் முல்லைத்தீவு மாவட்டத்தின் உடையார்கட்டில் அன்றாடம் நடப்பவை. ஒவ்வொன்றுக்கும் அங்கே நல்ல தமிழ் வினை புழங்குகிறது. ஆனால் பாடசாலை அகராதியில் மாணவர் முதலில் காண்பது ‘புறப்படு’ என்ற ஒரே சொல்லைத்தான்.

‘செட்’ பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்று வழங்கியது. அது உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்டன்’ என்ற வினையின் பிறவினை வடிவம். தமிழில் இரு என்பதிலிருந்து இருத்து பிறப்பதுபோல, உட்கார் என்பதிலிருந்து உட்காரச் செய் என்ற பொருளில் அது பிறந்தது. ஒரு பொருளை ஓரிடத்தில் இருக்கச் செய்வதே அதன் அடிப்படை. அந்தக் காலத்தில் திசை காட்டும் சிறுசொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டி நின்றது. ‘வெளியே போ’ என்பதில் தமிழ் எந்த ஒழுங்கில் சொல்கிறதோ ஏறத்தாழ அதே ஒழுங்கு. 1066-இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த முன்னொட்டுகள் நலிந்தன. சிறுசொல் வினையை விட்டுப் பிரிந்து பின்னால் போய் நின்றது. பழைய ஒழுங்கின் தடம் ‘அவுட்செட்’ என்ற பெயர்ச்சொல்லில் காணப்படுகிறது: ‘தொடக்கம்’ என்று பொருள்படும் அதில் ‘அவுட்’ முன்னால் நிற்கிறது.

அதே காலத்தில் பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் நீண்ட வினைகள் பெருமளவில் ஆங்கிலத்துக்குள் வந்தன. புறப்படுவதற்கு ‘டிப்பார்ட்’, காட்சிக்கு வைப்பதற்கு ‘டிஸ்பிளே’, விளக்குவதற்கு ‘எக்ஸ்பிளெய்ன்’. இவை ஏட்டிலும் நீதிமன்றத்திலும் இடம்பிடிக்க, வீட்டிலும் வயலிலும் ‘செட் அவுட்’ போன்ற சிறு வினைகள் உயிரோடு இருந்தன. வேற்றுமொழியார் ஆங்கிலம் கற்கும்போது நீண்ட சொற்களை எளிதாகப் பிடித்துக்கொண்டு குட்டிச் சொற்களில் தடுக்கி விழுவதற்கு வேர் இங்கே இருக்கிறது. நீண்ட சொல்லுக்குப் பொருள் ஒன்றிரண்டு. குட்டிச் சொல்லுக்கோ, பக்கத்தில் நிற்பது எதுவோ அதற்கேற்ற பொருள்.

இந்தச் சிக்கலை முதலில் ஊன்றிக் கவனித்த அகராதியாசிரியர்களில் சாமுவேல் ஜோன்சன் முக்கியமானவர். 1755-இல் வெளியான தமது அகராதியின் முன்னுரையில், வினையும் சிறுசொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவது அயலாருக்குப் பெருந்தொல்லை என்று சுட்டி, அத்தகைய சேர்க்கைகளைத் தனிக் கவனத்தோடு திரட்டியதாகவும் குறிப்பிட்டார். அவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் நிலைபெற இன்னும் 170 ஆண்டுகள் சென்றன. ‘ஃபிரேசல் வேர்ப்’ என்ற பெயரை 1925-இல் லோகன் பியர்சல் சிமித் தமது நூலில் பரப்பினார். அதைத் தமக்குச் சொன்னவர் ஒக்ஸ்போர்ட் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவரே பதிந்திருக்கிறார். அந்தப் பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற வினைக்கே உரியது: சுமார் 430 பொருள்கள், 60,000 சொல் அளவிலான விளக்கம். பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்தியது.

தமிழரிடம் இந்த வினைகள் வந்து சேர்ந்த வழி மிசன் அச்சகங்களின் வழி. 1779-இல் சென்னை வேப்பேரியில் ஃபப்ரீசியுஸ் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1786-இல் அதன் மறுபாதியான ஆங்கில–தமிழ்ப் பகுதி வந்தது. இலங்கையில் இந்தப் பணி யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்தது. 1816-இல் வந்து சேர்ந்த அமெரிக்க மிசனார் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட அந்தக் கூடம் 1855-இல் மூடப்பட்டது. அதற்குள் அங்கே படித்த தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டத் தேர்வில் தேறியவர்கள்.

செமினரியோடு ஒட்டி வளர்ந்ததே யாழ்ப்பாண அகராதிப் பணி. சர்ச் மிசன் சங்கத்தைச் சேர்ந்த ஜோசப் நைற் பெருமளவில் சொல் திரட்டி, பணி முடியுமுன் காலமானார். அந்தத் திரட்டு மூன்று திசையில் பயன் தந்தது. சந்திரசேகர பண்டிதர் தொகுப்பில் 58,500 சொற்கள் கொண்ட தமிழ்–தமிழ் அகராதி 1842-இல் மானிப்பாயில் அச்சானது. மானிப்பாய் அகராதி என்று இன்றும் பேசப்படுவது அதுவே. நைற்றும் லீவை ஸ்போல்டிங்கும் தொகுத்த ஆங்கில–தமிழ்க் கையகராதி 1840-களில் பாடசாலைகளுக்கென வந்தது. 67,452 சொற்கள் கொண்ட மிரன் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி 1862-இல் சென்னையில் வெளியானது. வின்ஸ்லோ இரண்டு ஆண்டுக்குப் பின் தாய்நாடான அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார்.

இந்த அகராதிகளின் பெருமையைக் குறைக்க எதுவுமில்லை. ஆனால் அவற்றின் அமைப்பு கூட்டுவினைக்கு இசைவானதல்ல. ஆங்கில–தமிழ் அகராதியில் ஒரு தலைச்சொல் ஒரு சொல்லாக இருக்க வேண்டும். ‘செட்’ என்பதன் கீழே பத்துப் பதினைந்து சேர்க்கைகள் சிற்றெழுத்தில் அடுக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு தமிழ்ச் சொல்லுக்கே இடம் உண்டு. அங்கே செந்தமிழ்ச் சொல் முந்திக்கொள்ளும். வட்டார வழக்குக்கு இடம் தமிழ்–ஆங்கில அகராதியில்தான் கிடைத்தது: வின்ஸ்லோ அதற்குத் தனிக்குறி இட்டார், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி யாழ்ப்பாண வழக்கென்று அடையாளமிட்டுச் சேர்த்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு அந்தச் சொற்கள் கிடைத்தன. எதிர்த்திசையில் வந்த மாணவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் வருந்தத்தக்கது, கூட்டுவினை தமிழுக்குப் புதுமையான ஒன்றல்ல என்பது. முன், பின், மேல், கீழ், உள், வெளி, புறம் என்ற இடப்பெயர்களோடு வை, இடு, படு, கொள், வாங்கு, படி போன்ற வினைகள் சேரும்போது தனித்தனிப் பொருளிலிருந்து ஊகிக்க முடியாத புதுப்பொருள் பிறக்கிறது. மேற்கொள்வதில் ‘மேல்’ எங்கே இருக்கிறது? கீழ்ப்படிபவர் எந்தப் படியில் இறங்குகிறார்? பின்வாங்குகிறவர் எதையும் வாங்குவதில்லை. மேற்கொள் திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்திலேயே ஆளப்பட்ட வினை. ஆகவே இந்த வழி மிகப் பழையது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்று நாள்தோறும் எழுதும் முன்னெடு, வெளிக்கொணர், முன்வை எல்லாம் அதே வார்ப்பில் வந்தவை. ஆங்கிலத்தோடு வேறுபாடு ஒன்றுதான்: தமிழில் இடம் காட்டும் சொல் வினைக்கு முன்னே ஒட்டி நிற்கும், நகராது. ஆங்கிலம் ஒருகாலத்தில் கொண்டிருந்து கைவிட்ட ஒழுங்கு அது.

‘செட் அவுட்’டுக்கு நேர் எதிரே நிற்கும் ஈழத்துச் சொல் ‘வெளிக்கிடு’. வெளிக்கு, இடு என்ற இரண்டு உறுப்பும் ஆங்கில வினையின் இரண்டு உறுப்போடு அப்படியே பொருந்துகின்றன. பொருந்துவது உறுப்பு மட்டுமன்று, ஆட்சியும் பொருந்துகிறது. “விடிய வெள்ளண வெளிக்கிட்டாத்தான் முதல் பஸ் பிடிக்கலாம்” என்பதில் பயணம் தொடங்கும் பொருள். “அவர் ஏதோ சொல்ல வெளிக்கிட்டவர், பிறகு நிப்பாட்டிப்போட்டார்” என்பதில் ஒரு காரியத்தில் இறங்கும் பொருள்; இங்கே யாரும் வாசலைத் தாண்டவில்லை. ஆங்கிலத்திலும் இதே தாவல் நிகழ்ந்திருக்கிறது: இடத்தை நோக்கிப் புறப்படுவது நோக்கத்தை நோக்கிப் புறப்படுவதாயிற்று. செந்தமிழின் புறப்படு இந்தத் தாவலைப் பாதிதான் தாங்கும். எழுத்துத் தமிழ் இங்கே முற்படு, முனை என்று வேறு வினைக்குப் போகிறது. வெளிக்கிடுவில் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு பொருளும் உண்டு. உடுத்துச் சீவி ஆயத்தமாவதும் வெளிக்கிடுதலே. பிள்ளையை உடுத்தி ஆயத்தப்படுத்துவது வெளிக்கிடுத்துதல். அந்தப் பொருளைச் ‘செட் அவுட்’ மேல் ஏற்றுவது பிழை. அதற்கு ஆங்கிலத்தில் ‘கெட் ரெடி’, ‘டிரெஸ் அப்’ என்ற வேறு வினைகள் உள்ளன.

பயணப் பொருளில் இந்த வினை எந்தச் சிறுசொல்லோடு தொடர்கிறது என்பதே வழக்கின் உயிர். சேருமிடம் சொல்லும்போது ‘ஃபோர்’, கிளம்பிய இடத்துக்கு ‘ஃப்ரொம்’, பயணம் என்ற பெயரோடு ‘ஒன்’, நோக்க வினையோடு ‘டு’. இறந்தகாலத்திலும் வடிவம் ‘செட்’தான், ‘செட்டெட்’ என்று ஒன்றில்லை. ‘செட் ஓஃப்’ என்பதும் பயணத்துக்கு ஏறத்தாழ இதேபோல வழங்கும், ஆனால் வெடியை வெடிக்கச் செய்வது ‘செட் ஓஃப்’ மட்டுமே. பருவமழை நிலைகொள்வது ‘செட் இன்’. மாரி பிடித்துவிட்டது என்று வன்னி விவசாயி சொல்வதற்கு மிக அண்மையான ஆங்கிலம் அது.

‘செட் அவுட்’டில் ஒரு நுட்பம் உண்டு, அதை உடையார்கட்டின் அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இந்த ஆங்கில வினை புறப்படுபவரின் சொந்த விருப்பத்தையும், மனத்தில் உள்ள ஒரு சேருமிடத்தையும் அடியில் வைத்திருக்கிறது. போரின் இறுதிக் கட்டத்தில், 2009 ஜனவரி 21-இல் அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் சுதந்திரபுரமும் இருந்தன. அந்த வலயத்துக்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. மக்கள் வள்ளிபுனம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கிழக்கே நகர்ந்தார்கள். உடையார்கட்டை விட்டு வெளிக்கிட்டோம் என்று அந்த நாள்களைத் தமிழில் சொல்வது இயல்பானது; வெளிக்கிடு விரும்பிப் போவதற்கும் வேறு வழியின்றிப் போவதற்கும் பொதுவானது. அதை ஆங்கிலத்தில் ‘செட் அவுட்’ என்று எழுதினால் கேட்பவர் மனத்தில் ஒரு பயணம் தோன்றும். நடந்தது பயணமன்று. அங்கே ‘ஃபிளீ’, ‘டிரைவன் அவுட்’ போன்ற வினைகளே உண்மைக்கு நேர்மையானவை. சாட்சியங்களையும் விண்ணப்பங்களையும் ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு வினை மாறினால் துரத்தப்பட்டவர் தானாகப் போனவராகிவிடுவார். போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதற்குமுன் கட்டங்கட்டமாகச் சொந்த ஊருக்குத் திரும்ப வெளிக்கிட்டவர்களுக்கு ‘செட் அவுட்’ முழுமையாகப் பொருந்தும்.

பரப்பி வைக்கும் பொருளில் இந்த வினை செயப்படுபொருள் கொள்ளும், இரண்டாகப் பிரியவும் செய்யும். கதிரைகளை வரிசையாகப் போடுவதற்குச் ‘செட் அவுட் த செயார்ஸ்’ என்றும் சொல்லலாம், ‘செட் த செயார்ஸ் அவுட்’ என்றும் சொல்லலாம். ‘அவற்றை’ என்று சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘செட் தெம் அவுட்’. பயணப் பொருளில் நடுவில் எதுவும் நுழையாது. தமிழ் இந்தப் பொருளுக்குப் பல வினை வைத்திருக்கிறது. வணிகர் கடை பரப்புவார், வீட்டார் சாப்பாட்டை எடுத்துவைப்பார்கள். அம்மனுக்குப் பழமும் பாக்கும் வெற்றிலையும் வரிசையாக வைப்பதை வன்னியில் மடை பரவுதல் என்பார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை அறிந்த எவருக்கும் அந்தச் சொல் பழக்கம். ‘செட் அவுட்’ தரும் ஒழுங்கு, முழுமை, காண்பவர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தல் ஆகிய மூன்றும் அந்தச் செயலில் ஒருங்கே உள்ளன.

எழுத்தில் எடுத்துரைக்கும் பொருள் பரப்பிவைக்கும் பொருளிலிருந்து கிளைத்தது. பொருளைப் பாயில் பரப்புவதற்குப் பதிலாகக் காரணங்களையும் நிபந்தனைகளையும் தாளில் பரப்புகிறார்கள். வன்னியில் குடியேற்றவாசிகளுக்கு இந்த ஆங்கிலம் காணிப் பத்திரத்தின் வழியே வந்தது. 1935-இன் 19-ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணி பெற்றவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. அதன் நிபந்தனைகளைப் பத்திரமே எடுத்துரைத்தது, மீறினால் காணியை இழக்க நேரலாம். அட்டவணையில் ‘செட் அவுட்’ செய்யப்பட்டவை என்பது சட்ட ஆங்கிலத்தின் நிலைத்த தொடர். நீதிமன்றத் தமிழில் எடுத்துரைக்கப்பட்ட, விரித்துரைக்கப்பட்ட, குறிப்பிடப்பட்ட எனப் பலவிதமாக அது பெயர்க்கப்படுகிறது. குறிப்பிடுதல் இவற்றில் வலுக்குறைந்தது. ஒன்றைப் பெயர் சொல்லிவிட்டுப் போவதும் குறிப்பிடுதலே. ‘செட் அவுட்’ ஒன்றொன்றாக விரித்து வைப்பதைக் கேட்கிறது.

தொழிற்பொருள்களில் நிலத்தில் குறிப்பது முதன்மையானது. உடையார்கட்டு என்ற பெயரின் பின்பாதியே ஒரு கட்டு. முன்பாதி ஒல்லாந்தர், பிரித்தானியர் காலத்தில் வடபகுதியில் மணியகாரருக்குக் கீழும் விதானைமாருக்கு மேலும் இருந்த தலைமைக்காரரின் பதவிப்பெயர். குளமொன்றைப் புதிதாக எடுக்கவோ உடைந்ததைத் திருத்தவோ முதலில் செய்ய வேண்டியது, வரைபடத்தில் உள்ள கட்டின் நடுக்கோட்டை முளையடித்து, கயிறு பிடித்து, மட்டம் பார்த்து நிலத்தில் இறக்குவது. துருசு எங்கே, வான் எங்கே, வாய்க்கால் எந்தச் சரிவில் போகும் என்பதெல்லாம் அந்த முளைகளில் முடிவாகிவிடும். இதைப் பொறியியல் ஆங்கிலம் ‘செட்டிங் அவுட்’ என்கிறது. 1800-இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களமும் 1900-இல் அமைந்த நீர்ப்பாசனத் திணைக்களமும் இந்த ஆங்கிலத்திலேயே வேலை செய்து வளர்ந்தவை. முளை ஒரு முழம் பிசகினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்பதால் இந்தச் சொல்லின் கனம் விவசாயிக்குத் தெரியும். வீடு கட்டும்போது இதற்கு ஈடாக ஊரில் நடப்பது நிலையம் எடுத்தல்: அத்திவாரம் வெட்டுமுன் ஆசாரியார் நிலத்தில் வீட்டின் இருப்பைக் கணித்துக் குறிப்பார். சமயச் சடங்கும் அதோடு கலந்திருந்தாலும் வேலை அதே வேலை.

கன்று நடும் பொருள் தோட்டக்கலை ஆங்கிலத்துக்குரியது. வன்னி நெல் பெரும்பாலும் விதைப்பு நெல், ஆகவே வயலில் இந்த வினைக்கு வேலை குறைவு. மேட்டுநிலத்தில் நிலைமை வேறு. விசுவமடுவில் அமைந்த படித்த வாலிபர் குடியேற்றத் திட்டம் உபஉணவுப் பயிர்களை நம்பியது. மிளகாய், கத்தரி எல்லாம் நாற்றுமேடையில் வளர்ந்து பிடுங்கி நடப்படுபவை. அந்த இரண்டாவது நடுகையே ‘செட் அவுட்’. விதை போடுவதை அது குறிக்காது.

இந்த வினைகள் வன்னிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது பிந்தித்தான். ஆங்கிலப் பாடசாலைகள் குடாநாட்டில் குவிந்திருந்தன, கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கே திறந்திருந்தன. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்து, தாய்மொழிக் கல்வி பரவிய பின்னர் ஆங்கிலம் எல்லாப் பாடசாலைக்கும் ஒரு பாடமாகப் போய்ச் சேர்ந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசம். உலக அளவில் அதே காலத்தில் கூட்டுவினைக்கென்றே தனி அகராதிகள் வரத் தொடங்கின: கோவியும் மக்கினும் தொகுத்த ஒக்ஸ்போர்ட் நூல் 1975-இல், ரோஸ்மேரி கோர்ட்னியின் லோங்மன் அகராதி 1983-இல். 1983-இல் போர் மூண்ட பின் வன்னியில் பாடசாலைகளும் நூலகங்களும் பட்ட பாட்டில் அத்தகைய நூல்கள் அங்கே சென்று தங்க வழியிருக்கவில்லை. கூட்டுவினை ஒரு பட்டியலாக, மனப்பாடத்துக்குரிய சுமையாகவே வகுப்பறையில் நின்றது.

பட்டியல் முறை இந்த வினையைக் கற்பிக்காது. ‘செட் அவுட்’ யாரோடு, எதோடு வருகிறது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது: ஆளும் ஊரும் வந்தால் வெளிக்கிடு, ஆளும் வினையும் வந்தால் முற்படு, பண்டம் வந்தால் பரப்பு, காரணம் வந்தால் எடுத்துரை, கட்டும் வாய்க்காலும் வந்தால் முளையடித்துக் குறி, கன்று வந்தால் பிடுங்கி நடு. உடையார்கட்டு மாணவர் இந்த ஆறு செயலையும் வீட்டிலும் வயலிலும் கோவிலிலும் கண்டு வளர்ந்தவர்; அவருக்குத் தெரியாதது இவற்றையெல்லாம் ஆங்கிலம் ஒரே வினையில் கட்டிவைத்திருக்கிறது என்ற செய்தி மட்டுமே. வட மாகாணப் பாடசாலைகளுக்கென்று இனி எழுதப்படும் ஆங்கில–தமிழ் அகராதிகளில் ‘செட் அவுட்’டுக்கு எதிரே புறப்படுவோடு வெளிக்கிடுவும் அச்சேற வேண்டும்.